புர்கினா ஃபாசோவில் ஒரு நீர்மூழ்கி

புர்கினா ஃபாசோவில் கடல் கிடையாது. தீனாவுக்கு இது அன்று காலை பத்தே காலுக்குத்தான் தெரிந்தது. அப்படி ஒரு நாடு இருப்பதே பத்து மணி வரை அவனுக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"ஆப்பிரிக்காவுக்குள்ள கீதுக்கா," என்று செல்போனைப் பார்த்துப் படித்தான். "சுத்தியும் தரை. கடல பாக்கணும்னா இன்னொரு நாட்ட தாண்டணும். அங்க எப்டி அந்தாளு சப்மரின் ஓட்டிகினு கீறாரு?"

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கிட்டிருக்கேன். நீ கொஞ்சம் வாயை மூடினா சீக்கிரமா யோசிப்பேன்," என்றாள் கார்குழலி.

கார்குழலி பத்து வருஷம் கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸில் சர்வேயராக இருந்தவள். கடலில் நனைந்துபோனதாகச் சொல்லப்பட்ட சர்க்கரை மூட்டையை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது குழாய்த் தண்ணி" என்று சொன்னவள். அப்படி உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்ததில் வேலை போயிற்று. இப்போது ராயபுரம் பழைய ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஒரு வலைக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். தீனா வியாசர்பாடிக்காரன். நிலையத்தின் உதவியாளர், வாகனம், ஓட்டுநர் மூன்றும் அவன்தான். ஆட்டோ அவனுடையது. வாயும் அவனுடையதுதான், ஆனால் அது அவன் பேச்சைக் கேட்பதில்லை.

இருவரும் உட்கார்ந்திருந்தது காசிமேட்டில், புஷ்பவல்லியின் வீட்டில். எதிரே அவள் கணவன் லோகநாதனின் மடிக்கணினி. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கடல், அதன் மேல் தலையை நீட்டிக்கொண்டு ஒரு பழைய காலத்து நீர்மூழ்கி.

லோகநாதன் எர்ணாவூரில், கடலை ஒட்டிய நீலமணி கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுபவன். போன புதன்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் போய்ச் சேரவில்லை. அன்றைக்கே செம்புச் சுருள் ஏற்றிய ஒரு கன்டெய்னரும் யார்டில் காணாமல் போனது. அது வெளியே போனதற்கான கேட் பாஸில் லோகநாதனின் கையெழுத்து இருந்தது. இதைவிடத் தெளிவான வழக்கு போலீஸுக்கு வேண்டாம். சரக்கோடு ஆள் கம்பி நீட்டிவிட்டான் என்று முடிவு கட்டி, ஆந்திரா எல்லை வரை தேடிக்கொண்டிருந்தார்கள்.

கார்குழலியை இந்த வழக்குக்கு அமர்த்தியது யார்டு மேனேஜர் பாரி. "லோகநாதன் தங்கமான மனுஷன். போலீஸுக்கு முந்தி நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தா அவனுக்குத்தான் நல்லது," என்று அவர் சொன்னபோது தீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு மட்டன் பிரியாணியும் அனுப்பிவைத்திருந்தார். கண் கலங்கியதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

புஷ்பவல்லி சுவரில் சாய்ந்து நின்றாள். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். நல்ல குரல்காரி, ஆனால் ஆறு நாளாக அந்தக் குரலுக்கு வேலை இல்லை. அவள் வந்தால் ஏலத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் நகர்ந்துகொள்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், திருடன் பொண்டாட்டி என்று.

"போலீசு ஜீப்ல வந்து அரிசி டிரம்ம கவுத்துச்சு. தெருவே வேடிக்க பாத்துச்சு," என்றாள். "அவரு கெடச்சா சந்தோசம். கெடைக்கறதுக்கு முந்தி எனுக்கு அந்தப் பேரு போவணும். அத்த செய்ங்க. வேற ஒண்ணியும் வேணாம்."

"போகும்போது என்ன எடுத்துட்டுப் போனார்?"

"ரெண்டு சட்ட. கண்ணாடி ஒடஞ்சி போன பழைய டேப்லட்டு. அப்பால அந்த பிளாஸ்டிக் சனியன். என்னிய வுட்டுட்டு அத்த எடுத்துகினு போயிருக்காரு பாரு."

பிளாஸ்டிக் சனியன் என்பது செக்ஸ்டன்ட். சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்துக்கு மேலே எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறது என்று அளக்க மாலுமிகள் வைத்திருக்கும் கருவி. லோகநாதன் அதை வாங்கியதற்குக் காரணம் திரையில் ஓடும் இந்த நீர்மூழ்கி விளையாட்டுதான். இதில் ஒரு கடினமான முறை இருக்கிறது. வரைபடத்தில் உங்கள் கப்பல் எங்கே என்று விளையாட்டு காட்டாது. நீங்களே மேலே வந்து, திரையில் தெரியும் வானத்தை அளந்து, கணக்குப் போட்டு, இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் கிரேன் ஓட்டிவிட்டு வந்து ஒரு மனிதன் ஏன் இந்தப் பாடு பட வேண்டும் என்று தீனாவுக்குப் புரியவில்லை. போலீஸுக்கும் புரியவில்லை. கணினியைத் திறந்து, கப்பல் பொம்மையைப் பார்த்து, "சின்னப் பசங்க விளையாட்டு" என்று மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆனால் இந்தச் சின்னப் பசங்கள் ஒன்பது பேர், ஒன்பது ஊரில் இருந்தார்கள். எல்லாரும் கேப்டன்கள். போலந்தில் ஒருவர், சிலியில் ஒருவர், புனேயில் ஒருவர், காசிமேட்டில் லோகநாதன். அவர்களுக்கு ஒரு பொது அரட்டைப் பக்கம், அதில் ஒரு கட்டாய வழக்கம். ஒவ்வொரு கேப்டனும் தினமும் தன் உச்சிவேளைக் குறிப்பைப் போட வேண்டும். மூன்றே எண்கள்: சூரியன் உச்சிக்கு வந்த நேரம், அதன் உயரம், பார்த்தவரின் கண் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர். கணக்கை ஒரு பொது அட்டவணை போட்டு, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். யார் கப்பல் எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூன்று நாள் குறிப்பு வராவிட்டால் கேப்டன் பதவி போய்விடும்.

லோகநாதன் மனைவிக்கு ஒரு வார்த்தை அனுப்பவில்லை. ஆனால் உச்சிவேளைக் குறிப்பை ஒரு நாள் கூடத் தவறவிடவில்லை. வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள், ஐந்து குறிப்பு. அதற்கு முன் அட்லாண்டிக்கில் ஒழுங்காகத் தெற்கே போய்க்கொண்டிருந்த அவன் நீர்மூழ்கி, வியாழக்கிழமை ஒரே தாவாகத் தாவி புர்கினா ஃபாசோவில் உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து நகரவும் இல்லை. 'லோகன், ஒட்டகத்துக்கு வழி விடு' என்று போலந்துக்காரர் எழுதியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து பாரி தீனாவைச் செல்போனில் அழைத்தார். தீனா விஷயத்தைச் சொன்னான்.

"ஆப்பிரிக்காவா? அப்போ ஆள் அவ்வளவு தூரம் போயிட்டானா?" என்று கேட்டுவிட்டு அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"பாவம், ரொம்ப கவலப்படறாருக்கா," என்றான் தீனா.

கார்குழலி காதில் வாங்கவில்லை. ஐந்து குறிப்பையும் ஒரு தாளில் எழுதி, அதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"தீனா, கும்மிடிப்பூண்டியிலேர்ந்து லோக்கல் வண்டி வருது. எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைன்னு வரிசையா நிக்குது. உன் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு நீ சொன்னா, நீ எந்த ஸ்டேஷன்ல நிக்கிறேன்னு நான் சொல்லிடுவேனா?"

"டைம்டேபிள் கைல இருந்தா சொல்லிடுவ. வண்டி டைமுக்கு வந்தா."

"சூரியன் டைமுக்கு வரும். கிழக்கேர்ந்து மேற்கே ஒவ்வொரு ஊருக்கா உச்சி வெயிலைக் குடுத்துட்டே போகும். அதுக்கும் டைம்டேபிள் இருக்கு. ஆனா அந்த டைம்டேபிள் லண்டன் கடிகாரத்துல போட்டது. கேமுக்குள்ள சுவத்துல மாட்டியிருக்கே ஒரு கடிகாரம், அதுவும் எப்பவும் லண்டன் நேரம்தான் காட்டும். இவர் எத்தனை வருஷமா விளையாடறார்?"

"ஆறு வருசம்," என்றாள் புஷ்பவல்லி. அதை ஆயுள் தண்டனை சொல்லும் தொனியில் சொன்னாள்.

"ஆறு வருஷமா கடிகாரத்தைப் பார்த்தார், அப்படியே எழுதினார். எதையும் கூட்டிக் கழிக்க வேண்டிய தேவையே வரலை. போன வியாழக்கிழமை கேம் கடிகாரம் இல்ல. கைக்கடிகாரம்தான். பார்த்தார், பழக்கத்துல அப்படியே எழுதிட்டார். பன்னிரண்டு இருபது. நம்ம ஊரு பன்னிரண்டு இருபது."

தீனா விரலை மடக்கிப் பார்த்தான். "அஞ்சரை மணி நேரம் வித்தியாசம்."

"அந்த அஞ்சரை மணியைக் கழி." அவள் விரல் வரைபடத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து நேர்க்கோட்டில் கிழக்கே நகர்ந்தது. பாலைவனம் தாண்டி, அரபிக் கடல் தாண்டி, இந்தியாவைக் குறுக்காகக் கடந்து, வங்காள விரிகுடாவில் கால் வைக்கும் இடத்தில் நின்றது. "எண்ணூர், எர்ணாவூர் பக்கம். பிளாஸ்டிக் கருவி, அதனால பத்து இருபது கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஆனா ஆள் ஊரை விட்டே போகலை. லேப்டாப் இங்கே இருக்கு, அந்த உடைஞ்ச டேப்லட்ல இந்த கேம் ஓடாது. அவர் அளந்தது கேம் சூரியன் இல்ல. தலைக்கு மேல அடிக்குதே, அந்தச் சூரியன்."

புஷ்பவல்லி சுவரை விட்டு ஒரு அடி முன்னே வந்தாள்.

"இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற," என்றாள் கார்குழலி. "பதவி போகக் கூடாதுன்னா அட்லாண்டிக்குல ஏதோ ஒரு இடத்துக்குப் பொருந்துற மாதிரி மூணு நம்பரை அடிச்சு விட்டிருக்கலாம். ஒருத்தனும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. இவருக்கு அதுக்கு மனசு வரலை. வெயில்ல நின்னு நெசமாவே அளந்து அனுப்பியிருக்கார். பொம்மைக் கப்பலுக்குக் கூடப் பொய்க் கணக்கு எழுதத் தெரியாத ஆளு, கேட் பாஸ்ல பொய் எழுதிக் கன்டெய்னரைக் கடத்தினார்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

ஆறு நாளில் தன் புருஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை புஷ்பவல்லி கேட்பது அதுதான் முதல் தடவை. அவள் அங்கேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்க்க மாட்டாமல், ஏதாவது உளறியாக வேண்டும் என்று தீனா தாளை எடுத்துப் பார்த்தான்.

"இது இன்னாக்கா மூணாவது நம்பரு? கண்ணு ஒசரம். முன்னாடியெல்லாம் அஞ்சு மீட்டர்னு போட்டுகினு இருந்தாரு. இப்ப தெனமும் முப்பத்தொண்ணு. சப்மரினுக்கு மாடி கட்டிட்டாரா?"

கார்குழலி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், தான் புத்திசாலித்தனமாக எதையோ சொல்லிவிட்டது தீனாவுக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

"எர்ணாவூர்ல முப்பத்தொரு மீட்டர் உயரத்துல, தெக்கே பார்த்தா கடல் தெரியற மாதிரி என்ன இருக்கு?"

அழுகை நின்றுவிட்டது. புஷ்பவல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பழைய ஜெட்டி கிரேனு," என்றாள். "யார்டு பக்கத்துல, கப்பல கட்றதுக்குக் கடலுக்குள்ள போட்ட மேடை, புயல்ல பாதி புட்டுகினு போச்சே, அந்த ஜெட்டி. அதுலதான் மொதல்ல வேலைக்கி சேந்தாரு. கேபின் ஒசரம் முப்பத்தொரு மீட்டரு. கல்யாணத்துக்கு முந்தி ஒரு தபா என்னிய மேல ஏத்திகினு போனாரு. ஒவ்வொரு படிக்கும் எத்தினி மீட்டருன்னு சொல்லிகினே வந்தாரு."

"வேற ஒண்ணியும் சொல்லலியா?" என்றான் தீனா.

"எறங்கறப்ப சொன்னாரு," என்றாள் அவள். முகம் சிவந்தது.

*

எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவர் அந்தச் சாலையில் ஒருநாளும் போயிருக்க மாட்டார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. சில ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். தீனாவின் ஆட்டோ கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து போனது.

திருவொற்றியூர் தாண்டும்போது மறுபடியும் பாரியின் அழைப்பு. பதினொன்று முப்பத்தைந்து.

"சார், கண்டுபுடிச்சாச்சு!" என்றான் தீனா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே. "ஆப்பிரிக்காவாவது ஒண்ணாவது. உங்க யார்டு பக்கத்துல பழைய ஜெட்டி கிரேன் கீதே, அதுக்கு மேலதான் குந்திகினு கீறாரு. அங்கதான் போய்கினு இருக்கோம்." சற்றுக் கேட்டுவிட்டு, "தெரியும்னு நெனைக்கிறேன் சார்," என்று வைத்தான்.

"என்ன கேட்டார்?" என்றாள் கார்குழலி.

"அங்கேர்ந்து பாத்தா யார்டு தெரியுமான்னு கேட்டாருக்கா."

"நிறுத்து."

தீனா நிறுத்தினான்.

"ஆறு நாளா காணாமப் போன தங்கமான மனுஷன் கிடைச்சிட்டார்னு சொல்றே. உசிரோட இருக்காரான்னு கேட்டாரா? சாப்பிட்டாரான்னு கேட்டாரா?"

காலையில் ஆப்பிரிக்கா என்று கேட்டதும் அவர் விட்ட அந்த நீளமான மூச்சு கவலை இல்லை, நிம்மதி என்று தீனாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"நான் தப்பு பண்ணிட்டேன்கா."

"ஆமா. ஓட்டு."

பின்சீட்டில் புஷ்பவல்லியின் பக்கத்தில் இருந்த கார்குழலி, லோகநாதனின் மடிக்கணினியைத் திறந்தாள். தன் செல்போனிலிருந்து இணைப்புக் கொடுத்து, கேப்டன்களின் அரட்டைப் பக்கத்துக்குப் போனாள். அது லோகநாதனின் கணக்கு. புஷ்பவல்லி சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

'யோவ், நான்தான் புஷ்பவல்லி. நீ முப்பத்தொரு மீட்டர்ல குந்திகினு கீறன்னு தெரியும். மருவாதியா பதில் போடு.'

முதல் பதில் போலந்திலிருந்து வந்தது. 'லோகன், என்ன மொழி இது? உடம்பு சரிதானே?'

இரண்டாவது பதில் லோகநாதனுடையது. 'புஷ்பா திட்டாத. அந்த கன்டெய்னர் வெளிய போவவே இல்ல. யார்டுலயே நாலாவது வரிசைல கீது. நாலு பக்கமும் பெயின்ட் அடிச்சு நம்பர மாத்திட்டானுங்க. கூரை மேலயும் நம்பர் இருக்கும்னு மறந்துட்டானுங்க. கிரேன்காரன் தவிர கூரைய எவன் பாக்கறான். அது நவுந்து கப்பல் ஏறிட்டா நான் திருடன்தான். அதான் கண்ண எடுக்காம பாத்துகினு கீறேன்.'

"இதை ஏன் யார்கிட்டேயும் சொல்லலைன்னு கேளுங்க," என்றாள் புஷ்பவல்லி அவசரமாக. பதற்றத்தில் அவளுக்கே மரியாதைத் தமிழ் வந்துவிட்டது.

'சொன்னேனே. பாரி சாராண்ட மட்டும் சொன்னேன். அடுத்த நாள் காலைலயே கேட் பாஸ்ல என் கையெழுத்து இருக்குதுன்னு கூட வேல செய்யறவன் போன்ல சொன்னான்.'

கார்குழலி பெருமூச்சு விட்டாள். எதிரியின் கப்பல் வரும்வரை அசையாமல், சத்தமில்லாமல் காத்துக் கிடப்பதுதான் நீர்மூழ்கிக் கேப்டனின் வேலை. லோகநாதன் விளையாட்டில் கற்றதை அப்படியே செய்திருந்தான். என்ன ஒன்று, சுடுவதற்கு அவனிடம் எதுவும் இல்லை.

திரையில் இன்னொரு வரி வந்தது. 'ஐயோ. இப்ப அத்த டிரெய்லர்ல ஏத்தறானுங்க.'

*

எர்ணாவூர் பாலம் தாண்டி அவர்கள் யார்டை நெருங்கியபோது மணி பன்னிரண்டு. யார்டின் கேட் திறந்திருந்தது. டிரெய்லர் போய்விட்டிருந்தது.

தீனா ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டான். தன்னால் ஒரு மனிதன் சிறைக்குப் போகப் போகிறான். பின்னால் இருக்கும் புஷ்பவல்லி திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது.

கார்குழலி மட்டும் சிரித்தாள்.

"இறங்குங்க, நடந்தே போகலாம். எந்த ரோட்டுல தப்பிச்சுப் போறான்னு பாருங்க."

அவள் சொன்னது சரி. பாரியின் டிரெய்லர் கேட்டை விட்டு வெளியே வந்து, துறைமுகப் பக்கம் திரும்பி, இருநூறு மீட்டர் ஓடி, வரிசையின் வாலில் போய் நின்றிருந்தது. அதற்குள் பின்னாலும் முப்பது லாரி சேர்ந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் நீலக் கன்டெய்னர்கள்தான். எது அது?

புஷ்பவல்லி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். லோகநாதன் மேலேயிருந்து எழுதினான். 'இலக்கு: சிவப்பு டேங்கருக்கு முன்னால மூணாவது. கூரைல கடைசி நாலு நம்பர் 7342.'

போலீஸில் காணவில்லை என்று புகார் கொடுத்த கன்டெய்னரின் எண்ணும் அதுதான். ஆனால் டேங்கருக்கு முன்னால் மூன்றாவதாக நின்ற பெட்டியின் பக்கவாட்டில் இருந்தது 5180.

புஷ்பவல்லி வீட்டுக்கு ஜீப்பில் வந்து சோதனை போட்ட சப்-இன்ஸ்பெக்டர் பீம்ராவைக் கார்குழலி செல்போனில் பிடித்தாள். அவரும் அதே சாலையில்தான் இருந்தார். ஜீப் பதினோரு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. "நடந்து வாங்க சார்," என்றாள். "ஆந்திராவை விடக் கிட்டத்துலதான் இருக்கு."

பீம்ராவ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது, தீனா கன்டெய்னர் கதவின் இரும்புத் தண்டுகளைப் பிடித்துப் பாதி உயரம் ஏறியிருந்தான். எதிர்ப்புறமிருந்து பாரி வேகமாக நடந்து வந்தார். சட்டை கசங்கவில்லை, குரலும் கசங்கவில்லை.

"தீனா, என்ன இது? கீழே இறங்குப்பா. விழுந்துடப் போறே."

"வுழுந்தா வுழுறேன் சார். பிரியாணி தின்ன ஒடம்பு, தாங்கும்."

மேலே தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது. உள்ளங்கை பொசுங்க, முட்டி போட்டு, தீனா கூரையைத் தேய்த்தான். தூசிக்கு அடியில் வெள்ளை எழுத்து. சாலையே திரும்பிப் பார்க்கும்படி, ஷேர் ஆட்டோவில் ஆள் கூப்பிடும் தொண்டையில் கத்தினான்.

"ஏழு! மூணு! நாலு! ரெண்டு!"

பீம்ராவ் செல்போனில் புகாரைப் பார்த்தார். பிறகு பக்கவாட்டு எண்ணைப் பார்த்தார். கார்குழலி தன் சாவியால் 5180 மேல் ஒரு கீறு கீறினாள். புது பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் பழைய எண் தெரிந்தது.

"இது லோகநாதன் பண்ண வேலை," என்றார் பாரி உடனே. "அவன்தான் நம்பரை மாத்தியிருக்கான். கேட் பாஸ்ல கையெழுத்து இருக்கே."

"அந்தக் கேட் பாஸ்படி இந்தப் பெட்டி போன புதன்கிழமையே வெளியே போயிடுச்சு," என்றாள் கார்குழலி. "வெளியே போன பெட்டி இன்னைக்குக் காலைல உங்க யார்டுலேர்ந்து எப்படி சார் மறுபடியும் வெளியே வந்துச்சு?"

பாரி ஏதோ சொல்ல வந்தார்.

"டிரைவரண்ணே, அந்த இன்னைக்குப் பாஸைக் கொஞ்சம் குடுங்க." அவள் அதை வாங்கி பீம்ராவிடம் நீட்டினாள். "மணி பதினொண்ணு நாப்பது. என் உதவியாளர் வாயை விட்டு சரியா அஞ்சு நிமிஷம் கழிச்சு. கையெழுத்து யாருதுன்னு நீங்களே படிங்க சார். இதுல போலி இல்ல, அவசரத்துல அவரே போட்டுட்டார்."

பாரி தப்பி ஓடுவதாக இருந்தால் ஓட இடமில்லை. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் கடல். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சாட்சியைப் போலீஸுக்கு முந்திப் பிடிக்கத் தான் அமர்த்திய துப்பறிவாளர் தன்னையே பிடித்துவிட்டாரே என்று அவர் யோசித்திருக்கக்கூடும். தீனா மேலிருந்து பார்த்தபோது அப்படித்தான் தெரிந்தது.

*

கிரேன் ஏணியில் லோகநாதன் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. ஆறு நாள் தாடி, தோலுரிந்த மூக்கு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் கருவி. கடைசிப் படியில் தயங்கி நின்றான். போலீஸைப் பார்த்து இல்லை, மனைவியைப் பார்த்து.

புஷ்பவல்லி அடிக்கப் போகிறாள் என்றே தீனா நினைத்தான். அவள் முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துருவும் வியர்வையும் போகும்வரை துடைத்தாள். "இன்னாய்யா துன்ன ஆறு நாளா?" என்று மட்டும் கேட்டாள். பன் என்றான் அவன். அதற்குத்தான் அவளுக்குக் குரல் உடைந்தது.

பீம்ராவ் கனைத்தார். "இவர் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் குடுக்கணும்மா. இன்னும் பேர் அக்யூஸ்ட் லிஸ்ட்லதான் இருக்கு. முடிச்சிட்டு சாயங்காலம் நாங்களே அனுப்பிடறோம்."

புஷ்பவல்லி திரும்பினாள். ஆறு நாளாகக் காணாமல் போயிருந்த அந்த ஏலக் குரல் திரும்பி வந்தது.

"எங்க தெருவுக்கு எப்டி சார் வந்த? நடந்து வந்தியா?"

"ஜீப்லதான்..."

"ஜீப்ல வந்த. தெருவே பாத்துச்சு. இப்பவும் ஜீப்லயே வா. இவர ஏத்திகினு வா. எங்க வூட்டு வாசல்ல நிறுத்தி, உன் கையால எறக்கி வுடு. அப்பால வாக்குமூலமோ இன்னாவோ, நாங்களே வந்து குடுக்கறோம்."

பீம்ராவ் உதவிக்குக் கார்குழலியைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதோ முக்கியமான வேலை நடக்கிற மாதிரி.

வரிசை நகர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜீப்பின் முன்சீட்டில் புஷ்பவல்லி ஏறி உட்கார்ந்தாள், யாரையும் கேட்கவில்லை. பீம்ராவ் பின்னால் லோகநாதனோடு உட்கார்ந்தார். தீனாவும் கார்குழலியும் ஆட்டோவில் பின்தொடர்ந்தார்கள். காசிமேட்டில், அவள் தெருமுனையில் ஜீப் நின்றது. தீனாவும் நிறுத்திக் காதைக் கொடுத்தான்.

"சைரன் போடு சார்."

"அம்மா, அது அவசரத்துக்கு மட்டும்தான் போடணும்."

"ஆறு நாளா அவசரம்தான் சார். போடு."

சைரன் அலறியது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மீன் கழுவிய கையோடு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஜீப் ஆள் நடக்கும் வேகத்தில் தெருவின் கடைசி வரை போய் நின்றது. புஷ்பவல்லி முதலில் இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் பீம்ராவ் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, லோகநாதனின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.